திட்ட ஆளில்லாத வீட்டில் ஒரு நாய்க்குட்டி

1

"தமிழ் பேசுகிறவன் தமிழ்நாட்டில் எப்படி வெளிநாட்டுக்காரன் ஆவான்?" என்று ஈப்போ நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். மிகச் சுலபம். மலேசியக் கடவுச்சீட்டு ஒன்று போதும். அது போதாவிட்டால், காலையில் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவரிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஈப்போவில் அது வெறும் காலை விசாரிப்பு. கோயம்புத்தூரில் அவர் ஒரு நிமிடம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பசிங்களா சார்? உள்ள வாங்க, இட்லி இருக்குதுங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவார். வந்த புதிதில் நான் இப்படிப் பல வீடுகளில் சாப்பிட்டேன். தப்பு என்று தெரிந்த பிறகும் அவசரப்பட்டுத் திருத்திக்கொள்ளவில்லை.

நான் இங்கே வந்து மூன்று வருடம் நிறைந்ததைப் போன வாரம் நினைவூட்டியது, வெளிநாட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் போய்த் தலையைக் காட்டவேண்டிய அலுவலகம். ஈப்போவில் எங்கள் நிறுவனம் தோட்டங்களுக்குத் தண்ணீர் பம்புகள் விற்கிறது. அவற்றைச் சூலூர்ப் பட்டறைகளில் செய்கிறார்கள். செய்ததைத் தட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டிப் பெட்டியில் போடச் சொல்வது என் வேலை. இதற்காக ஒரு மனிதன் கடல் கடந்து வரவேண்டுமா என்ற சந்தேகம் அந்த அலுவலகத்துப் பெண் அதிகாரிக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது. எனக்கும் வருகிறது.

எல்லாத் தாள்களையும் பார்த்து முடித்ததும் அவர் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்க உங்களுக்கு ஆருங்க சார் இருக்காங்க?"

முதல் வருடம் "யாருமில்லை" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிற நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடுத்த வருடமும் அதே பதில், அதே பார்வை. இந்த முறை நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு பையன் இருக்கிறான்" என்றேன்.

"அப்படீங்களா! என்னங்க வயசு?"

"ஏழு மாசம்."

பேனா நின்றுவிட்டது. என் நரைத்த தலையை மரியாதை குறையாமல் ஒருமுறை பார்த்தார். நான் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், உலகம் தனக்கு பிஸ்கட் கடன்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் நாட்டு நாய்.

"இவருக்கு விசா வேண்டியதில்லீங்க" என்று சிரித்தார் அதிகாரி. "சூலூர்ல பொறந்தவருங்களே. நீங்கதான் இவரு ஊட்ல தங்கியிருக்கீங்க."

அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அந்த வீட்டில் அவன் தங்குவதற்கு என்னென்ன பாடுபட வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதை உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

2

அவனை நான் தேடிப் போகவில்லை. மலேசியாவுக்குப் புறப்படத் தயாராக இருந்த ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தான். ஆணி அடிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று மூடியைத் தூக்கினேன். பம்பைச் சுற்றி அடைத்திருந்த பழைய செய்தித்தாள் கசங்கல்களுக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது.

பட்டறை நாய் போட்ட குட்டிகளில் மற்றதையெல்லாம் ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவன் மிச்சம். பால் மறந்த வயது. பேப்பர் சூடு பிடித்துப்போய் பெட்டிக்குள்ளேயே குடியிருந்திருக்கிறான். நான் குனிந்து பார்க்காமல் இருந்திருந்தால், என் ஊரில் அவனும் அவன் ஊரில் நானுமாக ஆகியிருப்போம்.

கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு சட்டை வழியாக இறங்கி என் இடுப்பு வரை வந்தபோதுதான், அது பாசம் மட்டும் அல்ல என்று புரிந்தது.

பால் குறைந்த காப்பி நிறம். மலேசிய வழக்கப்படி 'கோப்பி' என்று பெயர் வைத்தேன். இங்கே எல்லோரும் என்னைத் திருத்துவதாக நினைத்து 'காப்பி' என்று கூப்பிடுகிறார்கள். அவன் இரண்டுக்கும் வருவான். பிஸ்கட் பொட்டலம் கசங்கினால் பெயரே தேவையில்லை.

3

சிங்காநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. தனி ஆள். நாய் வளர்த்த அனுபவம் இல்லை. இந்தத் தகுதிகளோடு நான் கழிப்பறைப் பயிற்சியில் இறங்கினேன்.

தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். எனவே எல்லாமே வீட்டுக்குள். இணையத்தில் கிடைத்த அறிவுரைகளையெல்லாம் கூட்டிக் கழித்தால் கிடைப்பது இது: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு குறித்த இடத்துக்கு ஓடு. போனால் உடனே பாராட்டு. போகக்கூடாத இடத்தில் போனால் வாயைத் திறக்காமல் துடை. எக்காரணம் கொண்டும் திட்டாதே. திட்டினால் அவன் போவதை நிறுத்தமாட்டான். உன் கண்ணில் படாமல் போகப் பழகிக்கொள்வான்.

குறித்த இடம், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற பால்கனி. அங்கே செய்தித்தாள் விரித்தேன். பெட்டிக்குள் பேப்பரில் வளர்ந்தவன், பார்த்ததும் பூர்வீக வீட்டைக் கண்டது போல ஓடிப்போய் நின்றான். மூக்கைத் தரையில் வைத்து ஒரு வட்டம், இன்னொரு வட்டம், பிறகு தத்துவஞானி முகம். அதுதான் அடையாளம் என்று கற்றுக்கொண்டேன். விமானப்படைத் தளத்துப் போர் விமானங்களின் கீழே பிறந்த சூலூர்க்காரன் என்பதால் வானம் இடிந்தாலும் அசையமாட்டான். ஆனால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் பாதியில் நிறுத்திவிடுவான். அப்போது நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஊக்கப்படுத்த வேண்டும்.

ஒருநாள் காலை அழைப்புமணி அடித்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர். மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சீப்புப் பூவன் பழம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு காலத்துல இதே தொந்தரவுதானுங்க."

"எது டீச்சர்?"

"அதாங்க... காலையில." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பழம் தின்னுட்டு வெந்நி குடிங்க. அதுக்கும் கேக்கலைன்னா வெளக்கெண்ணெய் தாரேன். இதுல கூச்சப்பட ஒண்ணுமில்லீங்க."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். போகத் திரும்பியவர் நின்றார். உள்ளே அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"சுவருக்கு அந்தப் பக்கம் எங்க சமையக்கட்டுங்க. 'போயிரு ராஜா, முயற்சி பண்ணு, வந்துரும் வந்துரும்'னு நீங்க உங்களுக்கே சொல்லிக்கறது எல்லாம் கேக்குதுங்க. பாவமா இருக்குதுங்க. ஆனா வந்ததுக்கப்பறம் 'சபாஷ்'னு கையத் தட்டறீங்க பாருங்க, அது எதுக்குன்னுதான் எங்க ரெண்டு பேருக்கும் புரியலீங்க."

நான் பதில் சொல்லவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. என் இரண்டு கால்களுக்கும் நடுவிலிருந்து கோப்பி வெளிப்பட்டு, டீச்சரை அண்ணாந்து பார்த்து, வாசல் மிதியடியில் ஒரு வட்டம் போட்டான்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடிக் கதவுகள் இரண்டு திறந்து மூடின. அன்றிலிருந்து அவர் எங்கள் கட்சி. ஒரே ஒரு விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு.

"திட்டவே மாட்டீங்களா?"

"கூடாதாம் டீச்சர்."

"திட்டாத எப்படீங்க வளக்கறது? என்கிட்டப் படிச்சு டாக்டரானவன் எல்லாம் இன்னைக்கும் ரோட்ல பாத்தா, 'ஒரு தடவ திட்டுங்க மிஸ்'னு கேக்கறானுங்க."

அவர் சொன்னதைச் செய்கிறவர். மாலையானால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்: "கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சுட்டு ஊடு பூராத் தேடறீங்களே, அந்த மண்டைக்குள்ள என்னதான் வெச்சிருக்கீங்க?" கணவர் ஆரோக்கியம் சார் ஏதோ முனகுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பேன். என் மனைவி இருந்தவரை எங்கள் வீட்டிலும் இந்த நிகழ்ச்சி தினமும் நடந்தது, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது பற்றி. இப்போது என் ஈரத் துண்டு எங்கே வேண்டுமானாலும் கிடக்கலாம். கிடக்கிறது.

4

தடுப்பூசி முடிந்து கோப்பியைக் கழுத்துப்பட்டையோடு முதல்முறை வெளியே நடத்திச் சென்ற காலையை மறக்கமாட்டேன். வளர்ந்த பையனைக் கல்லூரியில் சேர்க்கப் போகிற பெருமை. கதவைத் திறந்தேன். நீண்ட நடைவழி. அங்கே ஒவ்வொரு வாசலிலும் ஒரு செய்தித்தாள் கிடந்தது.

இந்த ஊரில் விடியும்முன் பேப்பர் போடுகிறவர் மாடி மாடியாக வீசிவிட்டுப் போவார். நான் எவ்வளவு உழைத்து, எவ்வளவு கைதட்டிப் பயிற்சி கொடுத்திருந்தேன் என்பதை அந்தக் கணத்தில் உணர்ந்தேன். நாங்கள் பார்த்தது ஒரே காட்சி. எனக்கு அது செய்தித்தாள் வரிசை. அவனுக்கு, ஊரே கூடித் தனக்காகக் கட்டிவைத்த கழிப்பறை வரிசை.

லிஃப்டுக்குப் பக்கத்து வீடு நல்லசிவம் அவர்களுடையது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பேப்பர் படிக்கிறவர். அவர் வாசலில் தமிழ்த் தாள் ஒன்றும் ஆங்கிலத் தாள் ஒன்றும் கிடந்தன. கோப்பிக்குத் தமிழ்ப்பற்று அதிகம். அவன் தத்துவஞானி முகத்தோடு நின்றபோது கதவு திறந்தது.

நல்லசிவம் தாளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லீங்க" என்றார்.

நான் கீழே ஓடிப்போய் வேறு தாள் வாங்கி வந்தேன். "இதெல்லாம் எதுக்குங்க சார்? கொழந்தைதானுங்களே" என்று வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, பட்டை நழுவி ஓடியவன் மறுபடியும் அங்கேயே போனான். "பரவாயில்லீங்க. நேத்தைய பேப்பரே இன்னும் மிச்சம் இருக்குதுங்க." அடுத்தது லிஃப்டுக்குள், யாரோ போட்டிருந்த விளம்பரத் தாளின் மீது. அப்போதும் உள்ளே இருந்தவர் அவர்தான். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லீங்க சார், பாவம் அவரு என்ன பண்ணுவாரு" என்றார்.

நான் உருகிப்போனேன். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டு லிம் அங்கிளை நினைத்துக்கொண்டேன். என் வீட்டு மாமரத்து இலை ஒன்று அவர் வாசலில் விழுந்தால் மூன்று மொழிகளில் என் பரம்பரையைத் திட்டுவார். கடைசி வசவு எப்போதும் தமிழில் இருக்கும், எனக்குத் தெளிவாகப் புரியவேண்டும் என்பதற்காக. அப்படிப்பட்ட தெருவிலிருந்து வந்தவனுக்குக் கோயம்புத்தூர் மனிதர்கள் மகான்களாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பிறகு ஒருநாள் நல்லசிவம் அவர்களே என் வீட்டுக்கு வந்தார். கையில் பை நிறைய எலுமிச்சை, முருங்கைக்காய்.

"நம்ம தோட்டத்துக் காய்ங்க. சத்தியமங்கலத்துக்கு அக்கட்டால, காட்டை ஒட்டினாப்புல இருக்குதுங்க." உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கோப்பியைப் பார்த்தார். "அவரு நல்லா இருக்காருங்களா? பாவம், நாலு செவுத்துக்குள்ள அடைஞ்சு கெடக்காரு. வர்ற ஞாயித்துக்கெழம சங்கக் கூட்டம் முடிஞ்சதும் நான் தோட்டத்துக்குப் போறேனுங்க. அவரையும் கார்லயே கூட்டிட்டுப் போயிட்டா, அங்க காத்தாட இருப்பாருங்க. கூட்டத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசறதுக்கு முன்னாடி நாமளே ஒரு முடிவு பண்ணிப்போட்டா நல்லதுங்க பாருங்க."

"அங்கே துணைக்கு வேறு நாய் இருக்கிறதா?"

"இருந்துதுங்க. மாசி மாசம் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சுங்க." வாடகைக்கு வீடு காலியாக இருப்பதைச் சொல்கிற குரலில் தொடர்ந்தார்: "அதனால எடம் காலியாத்தான் இருக்குதுங்க."

அவர் போனதும் நான் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போய், செயலாளரின் அன்பை விவரித்தேன். சிறுத்தை விஷயம்தான் கொஞ்சம் உறுத்துகிறது, நாசூக்காக மறுக்க வழி சொல்லுங்கள் என்றேன்.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், அவரு உங்களுக்கு நோட்டீசு குடுத்துட்டுப் போயிருக்காருங்க!"

"நோட்டீஸா? எலுமிச்சம்பழம்தானே கொடுத்தார்?"

"பரவாயில்லைன்னு ஒருவாட்டி சொன்னா, பரவாயில்லீங்க. ரெண்டாவது வாட்டி சொன்னா மனசுல வெச்சுட்டாருன்னு அர்த்தம். மூணாவது வாட்டியும் சொல்லிப்போட்டு, தோட்டத்துக் காயோட ஊட்டுக்கே வந்தாருன்னா, தீர்ப்பு எழுதியாச்சுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் கை தூக்குவாங்க. காப்பி வண்டியேறிருவான்."

"அப்படியானால், இவர்களுக்கு நிஜமாகவே கோபம் இல்லை என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"திட்டுவாங்க. மரியாதையெல்லாம் ஒறம்பரைக்குத்தானுங்க, வந்துட்டுப் போறவங்களுக்கு. ஊட்டு ஆளுக்குத் திட்டுதான். இதா, ஆரோக்கியத்தைப் பாருங்க." ஆரோக்கியம் சார் பெருமையோடு தலையாட்டினார்.

"மூன்று வருடமாக என்னை இந்த ஊரில் யாருமே திட்டவில்லையே டீச்சர்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். டீச்சர் உள்ளே போய் இன்னொரு சீப்புப் பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

5

மெல்போர்னில் இருக்கும் என் மகள் யாழினியோடு ஞாயிறுதோறும் காணொளியில் பேசுவேன். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்பா." "வேலை எப்படி?" "பிஸிப்பா." பிறகு இருவரும் திரையின் மூலையில் தெரிகிற அவரவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். கோப்பி வந்தபின் நிலைமை மாறியிருந்தது. அழைப்பை எடுத்ததும் "நீங்க கொஞ்சம் நகருங்கப்பா, அவன் தெரியல" என்பாள். நான் நகர்வேன். அவனைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். அந்த அரைமணியில் எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைக்கும்.

ஞாயிறுவரை பொறுக்காமல் அன்றிரவே அழைத்துச் சிறுத்தையைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "நோ வே! அவனை அனுப்பினா நான் உங்ககூடப் பேசமாட்டேன்." சின்ன வயதில் ஐஸ்கிரீமுக்குப் பிடித்த அதே அடம். பல வருடம் கழித்துக் கேட்கிறேன். அந்தக் குரலுக்காகவாவது நாயைக் காப்பாற்றியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"பேப்பர் மேலதான் போகணும்னு நீங்கதானேப்பா சொல்லிக் கொடுத்தீங்க? அவன் மேல தப்பில்லை. வேற எதையாவது காட்டுங்க. மண் மாதிரி, புல் மாதிரி."

மூன்றாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? டீச்சர்தான் வழி செய்தார். அவர் மாடித்தோட்டத்துக்காகப் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார்த்தூள் மூட்டையாக வாங்கி வைத்திருப்பவர். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். செயலாளர்கூடத் தம்முடைய கறிவேப்பிலைத் தொட்டிக்கு அதிலிருந்துதான் வாங்கிப் போட்டிருந்தார். ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டில் நார்த்தூளைப் பரப்பி, அதன்மேல் பழைய பேப்பரை விரித்தோம். பிறகு தினமும் பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துச் சிறிதாக்கினேன். முழுத் தாள் பாதித் தாளாயிற்று. பாதித் தாள் சினிமா விளம்பரமாயிற்று. கடைசியில் ராசிபலன் பகுதி மட்டும் நடுவில் தபால்தலை மாதிரி கிடந்தது. அதில் என் ராசிக்கு 'எதிர்பாராத செலவு' என்று இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

கோப்பி வெறும் நார்த்தூளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மூக்கைப் புதைத்து முகர்ந்தான். ஒரு வட்டம் போட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் டீச்சரும் சேர்ந்து கைதட்டினோம்.

ஆனால் பேப்பரை அவன் மறந்துவிட்டானா, அல்லது பேப்பர் இல்லாததால் இதில் போனானா? அது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துகொள்ளவும் துணிச்சல் இல்லை. அந்த நாட்களில் அவனை நடைவழியில் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டே போனேன்.

6

சங்கக் கூட்டம் கீழே வண்டி நிறுத்துமிடத்தில். நான் நாயை வீட்டில் பூட்டிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தேன். செயலாளர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "அவரையும் கூட்டிட்டு வாங்க சார். அவரைப் பத்தித்தானுங்க பேசறோம். அவரு இல்லாத பேசினா மரியாதை இல்லீங்க பாருங்க."

படியிறங்கியதும் கோப்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நல்லசிவம் அவர்கள் சிக்கனக்காரர். வாடகை நாற்காலி எதற்கு என்று, சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பர்களையெல்லாம் கொண்டுவந்து தரை முழுக்க விரித்திருந்தார். தூணிலிருந்து தூண்வரை செய்தித்தாள் கடல். அதன்மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போண்டாத் தட்டுகள். ஓரத்தில் செயலாளரின் கார், பின்கதவு திறந்தபடி. பின் இருக்கையிலும் பேப்பர் விரித்திருந்தது, பயணிக்காக.

"காப்பி குடிச்சானா?" என்று காதோடு கேட்டார் ஸ்டெல்லா டீச்சர். நாயைப் பற்றித்தான் கேட்டார்.

"தண்ணீர் குடித்தான். நிறைய."

"கடவுளே."

தண்ணீர்த் தொட்டி சுத்தம் பற்றிப் பேசினார்கள். லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேசினார்கள். கோப்பி என் மடியில் நெளிய ஆரம்பித்தான். இறக்கிவிட்டால் ஆபத்து, இறக்காவிட்டால் என் வேட்டிக்கு ஆபத்து. செயலாளர் தொண்டையைச் செருமினார். "அப்பறம் நம்ம மலேசியா சாரோட நாய்க்குட்டி விசயமுங்க..." எல்லோரும் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து அவன் என் கையிலிருந்து வழுக்கி இறங்கினான்.

தாளின் மேல் நின்றான். மூக்கைத் தரையில் வைத்தான். ஒரு வட்டம்.

அந்தக் கட்டடத்தில் அதற்குள் அந்த வட்டத்தின் பொருள் தெரியாதவர் ஒருவரும் இல்லை. போண்டாவை வாய்க்கருகில் வைத்திருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சேலையை இழுத்துக்கொண்டார். காரின் பின்கதவு எனக்கு மட்டும் மிகப் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாவது வட்டம். பிறகு கோப்பி தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தான். எதையோ யோசித்தான். விளையாட்டுப் பக்கத்தைக் கடந்தான், வணிகப் பக்கத்தைக் கடந்தான், ஒரு சொட்டுக்கூட விடாமல் அத்தனை பேப்பரையும் தாண்டி நடந்தான். நேராகத் தூணடிக்குப் போய், அங்கிருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் முன்கால் வைத்து ஏறி, நார்த்தூளின் மேல் நிதானமாக உட்கார்ந்து, தத்துவஞானி முகத்தோடு எங்கள் அனைவரையும் பார்த்தான்.

எல்லோரும் தொட்டியையே பார்த்தார்கள். அப்போது ஒரே ஓர் ஓசை எழுந்தது. மாதக்கணக்கான பழக்கம். என் கைகள் என்னைக் கேட்கவில்லை.

"சபாஷ்!" என்று எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

நல்லசிவம் அவர்கள் தொட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு பிரிந்தது. 'பரவாயில்லீங்க' வரப்போகிறது, நான்காவது முறை, அதோடு கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்றா பண்ணிப்போட்ட, கெரகம் புடிச்சவனே!"

கண்ணைத் திறந்தேன்.

"இத்தன பேப்பரு விரிச்சுப் போட்டிருக்குது, உனக்கு என்ற கறிவேப்பிலைதான் கெடச்சுதா? தெனமும் மோர் ஊத்தி மோர் ஊத்தி இப்பத்தான் ரெண்டு எல உட்டுச்சு! எறங்குடா கழுதை! எறங்குடான்னா சிரிக்கறான் பாரு!" முகம் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சார், நாய்க்குத்தான் புத்தியில்ல, உங்களுக்குமா இல்ல? இந்த வயசுல கையத் தட்டிட்டு நிக்கறீங்க! போயி ஒரு பக்கெட்டு தண்ணி கொண்டாந்து ஊத்தறதா, வேடிக்கை பாக்கறதா? செடி கருகிப்போச்சுன்னா நீங்கதான் மோர் ஊத்தோணும், சொல்லிப்போட்டேன்!"

"இதோ" என்றேன். ஸ்டெல்லா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடியும் படியேறி ஓடினேன். பக்கெட்டோடு திரும்பி வரும்போது கூட்டத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "அப்போ தோட்டத்துக்கு அனுப்பறதுங்க?"

"இவனையா?" என்றார் நல்லசிவம். "இவன அங்க உட்டா அந்தச் சிறுத்தைக்குத்தான் வகுறு கெட்டுப்போகும். கெடந்து தொலையட்டும் இங்கயே. அடுத்த விசயத்துக்கு வாங்க."

7

செயலாளரின் கார் அன்று பயணி இல்லாமல் சத்தியமங்கலம் போயிற்று. திரும்பும்போது பின் இருக்கைப் பேப்பரில் கறிவேப்பிலை நாற்று ஒன்று வந்தது. பழைய செடியோடு அதையும் நட்டு, தொட்டியைத் தூணடியிலிருந்து எடுத்து, கோப்பிக்கு எட்டாத மதில்மேல் வைத்திருக்கிறார். மோர் ஊற்றுவது என் முறை. மறந்தால் தொலைந்தேன்.

யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களைத் திட்டினாரா? எல்லார் முன்னாடியுமா?" என்று சிரித்தாள். பிறகு திரையை உற்றுப் பார்த்து, "அப்பா, பின்னால கட்டில்ல என்ன அது? ஈரத் துண்டா? அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!" என்றாள். எடுத்துக் காயப்போட்டேன். அடுத்த ஞாயிறும் போட்டு வைத்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை நடைப்பயிற்சிக்குப் புறப்பட்டோம். வாசல்தோறும் செய்தித்தாள் கிடந்தது. கோப்பி ஒவ்வொன்றையும் பெரிய மனுஷனாகக் கடந்தான். லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் மட்டும் ஒரு கணம், பழைய நண்பரைப் பார்த்தது போல, நின்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய் காப்பி! பேப்பரு மேல கண்ணு போச்சு, தோலை உரிச்சுப்போடுவேன்! ஏனுங்க சார், நேத்து செடிக்கு மோர் ஊத்துனீங்களா இல்ல அதையும் நீங்களே குடிச்சுப்போட்டீங்களா?"

கோப்பி வாலை ஆட்டினான். எனக்கு வால் இல்லையே என்று வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தமாக இருந்தது.